பாட்டுக் களவும் ஆவணி எழுத்தும்

2025 ஜூன் 7, சனி

இன்று மயூரதனைக் குழுவிலிருந்து தூக்கினேன். ஆவணியில் அவனுக்கும் எனக்கும் எழுத்து. கலியாணப் பதிவுக்கு நாள் குறித்த பிறகு மாப்பிள்ளையை வட்சப் குழுவிலிருந்து தூக்கிய பெண் உரும்பிராயில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடந்தது இதுதான். ‘நண்டுக்கால்’ இசைக்குழுவின் புதுப் பாட்டு காலையில் வெளிவந்தது. குருநகரிலிருந்து கிற்றாரும் டிரம்ஸுமாகக் கத்துகிற நாலு பேர் அவர்கள். பாடுவது றோஸ். இந்த வெயிலிலும் கறுத்த ரீசேட்டோடு அவர்களுக்குப் பின்னால் அலைகிற இரசிகர் குழுவுக்கு நான்தான் அட்மின். பாட்டைக் காசு கட்டித்தான் இறக்க வேண்டும். பெரிய காசா? ஒரு ரோல்ஸும் ஒரு பிளேன்ரீயும். நான் கட்டினேன். மத்தியானம் நான் வேலை செய்கிற மருந்துக் கடையில் சனம் ஓய்ந்த நேரம் போனைப் பார்த்தால், எங்கள் குழுவில் பாட்டு முழுசாகக் கிடக்கிறது. கீழே ‘எடுத்துச் சாப்பிடுங்கோ மக்காள்’ என்று ஒரு வரி. போட்டவன் யார்? மாமாவின் மகன், என் மச்சான், வருங்காலப் புருசன்.

அழிக்கச் சொன்னேன். எடுக்க எடுக்கக் குறைய அது என்ன கிணத்துத் தண்ணியோ என்று கேட்டான். தூக்கிவிட்டேன். கை கூசவில்லை.

ஜூன் 8

மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். ‘அட்மின் அம்மா சுகமோ’ என்று வந்தது.

ஜூன் 12

றோஸ் ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கதைக்கிறாள். கள்ளப் பாட்டுக் கேட்கிறவன் தன் கச்சேரிக்கு வரவேண்டாமாம், வந்தாலும் செல்ஃபிக்குப் பக்கத்தில் வரவேண்டாமாம். பாட்டுக்கென்று ஒரு சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது, அதை வாசித்தவன் ஒருவன் இருந்தால் கையைத் தூக்கு என்கிறாள்.

குழு இரண்டாகிவிட்டது. பாடகி என்றால் பாடவேண்டும், சட்டம் பேசக்கூடாது என்று ஒரு கூட்டம். அதுக்குத் தலைவர் ஜெயதீபன். சமையலறைச் சட்டிகளில் டிரம்ஸ் பழகுகிறவன். ‘வாயை மூடிக்கொண்டு பாடினால் காணும்’ என்று எழுதினான். வாயை மூடிக்கொண்டு எப்படிப் பாடுவது, ஒருக்கால் செய்து காட்டு என்று கேட்டேன். குரல் செய்தியில் ‘ம்ம்ம்ம்’ என்று அனுப்பியிருக்கிறான், நாய். சிரிப்பு அடக்க முடியவில்லை.

பிறகு இருந்து அந்தப் புலமைச் சொத்துச் சட்டத்தைத் தமிழில் தேடி வாசித்தேன். ஒரு வசனம் முடிய ஒரு பக்கம் போகிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாள் இதைவிட நல்லது.

ஜூன் 15

மயூரதன் பின்னேரங்களில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புகிறவன். எங்கள் தமிழிலேயே வர்ணனை செய்வான். ‘மதிலுக்குப் பின்னாலை நிக்கிறான், விடாதை, விடாதை’ என்று அவன் கத்துவதைக் கேட்கவே கனடாவில் இருந்தெல்லாம் சனம் வரும். இன்றைக்கு அதற்குப் பின்னணியில் றோஸின் புதுப் பாட்டு! காசு கட்டாத பாட்டு. விளையாட்டும் காசு கட்டாத விளையாட்டு.

போன் எடுத்தால் தூக்கமாட்டான் என்று தெரியும். விளையாட்டுக்குள்ளேயே போனேன். துவக்கை எந்தப் பக்கம் பிடிப்பதென்றும் தெரியாமல், அவனுடைய அணியில் சேர்ந்து, சட்டத்தின் பிரிவுகளைச் சொன்னேன். பார்க்கிற சனம் எல்லாம் துவக்கை விட்டுவிட்டு எங்கள் வழக்கைக் கேட்கத் தொடங்கிவிட்டது. அவன் என்ன செய்தான்? திரும்பி என்னைச் சுட்டான். தன் அணியில் நின்ற என்னை!

ஆத்திரத்தில் போனை எடுத்தேன். இந்தமுறை தூக்கினான். றோஸ் சொன்னதையே நீ மதிக்கேல்லை எண்டால் நாளைக்கு என்னை எப்பிடி மதிப்பாய் என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு நாக்குப் பிரண்டது. உங்கடை கடையே களவுப் பாட்டிலை கட்டின கடைதானே எண்டு கேட்டுப்போட்டன்.

போனை வைத்துவிட்டான். மாமாவின் கடையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் சொன்னேன்?

ஜூன் 17

வீட்டில் பெரிய பகிடி. பகிடியா, அழிவா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா அன்றைக்கு நான் போனில் கத்தியதைக் கேட்டிருக்கிறா. றோஸ், றோஸ் என்று நான் சொன்னது மட்டும் அவவின் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, இன்று காலை மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டு, நேரே சந்தியில் இருக்கும் அண்ணனின் கடைக்குப் போயிருக்கிறா. உன்ரை மோன் ஒரு வேதக்காரப் பெட்டையோடை திரியிறான், என்ரை பிள்ளை அழுகுது என்று.

மாமா பாவம். மயூரதனைக் கூப்பிட்டு வைத்து, யாரடா அந்த றோஸ் என்று விசாரித்திருக்கிறார். அவனும் இருந்திருந்து, ‘நண்டுக்கால் றோஸ்’ என்று சொன்னானாம். அவளுக்குக் காலிலும் ஏதோ குறையாம் என்று அம்மா வீட்டில் வந்து அழுதா. விளக்கி முடிக்க எனக்கு நெடுநேரம் போனது. முடிவில், ஒரு பாட்டுக்கோ சண்டை பிடிச்சனியள் என்று கேட்டா. ஓம் என்றேன். அதுக்குப் பெட்டையோடை திரிஞ்சிருந்தாலும் ஒரு நியாயம் இருக்கு என்றுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டா.

ஜூன் 22

எங்கள் சனசமூக நிலையத் தலைவர் நமசிவாயம் மாஸ்டர் கடைக்குப் பிறசர் மருந்து வாங்க வந்தார். ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் பட்டிமன்றம் வைப்பார். கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா. பேசுகிற நாலு பேரைத் தவிரக் கேட்க ஆள் இராது. இந்த வருடம் பேச்சாளர்களும் மாட்டேன் என்றுவிட்டார்களாம். உங்கடை சண்டையை ஊரெல்லாம் கதைக்குது, அதை மேடையிலை பிடியுங்கோவன் என்றார். காசு கட்டாமல் பாட்டெடுப்பது களவா, இல்லையா.

பின்னேரம் வாசிகசாலையில் கூடினோம். மயூரதனும் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் யார் என்று நாங்கள் சொல்ல முதல் மாஸ்டர் சீட்டுக் குலுக்கினார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் குலுக்கிய சீட்டு. மாற்றக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

களவுதான் என்ற பக்கத்துக்கு மயூரதன். களவில்லை என்று வாதாட நான்.

பிள்ளையாரே, உமக்கும் என்னோடு பகிடியா?

ஜூன் 28

நான் நம்பாத ஒன்றை நாலு பேருக்கு முன்னால் நம்பவைக்க வேண்டும். அதற்குச் சாட்சி தேடி மாமாவின் கடைக்கே போனேன், மயூரதன் பாங்குக்குப் போன நேரம் பார்த்து. இப்போது அங்கே போன் திருத்துவதும் போட்டோப் பிரதி அடிப்பதும்தான் வேலை. ஒரு காலத்தில் கசற்றில் பாட்டு அடித்துக் கொடுத்த கடை.

மாமா உற்சாகமாகச் சொன்னார். சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவிட்டு மிதித்து, டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம். கொழும்பிலிருந்து தப்பித்தவறி வந்த ஒரு கசற்றை அவர் ஊர் முழுக்கப் பரப்பியிருக்கிறார். எனக்குப் புல்லரித்தது. இதைவிட வாதம் வேறென்ன வேண்டும்? எழுதிக்கொண்டு இருக்கும்போது மாமா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, மேடையிலை என்ரை பேரைச் சொல்லிப்போடாதை. சட்டம் இருக்காமெல்லோ? கலியாண நேரத்திலை எனக்கு வழக்கு வேண்டாம்.”

சிரித்துவிட்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் உறைத்தது. களவுப் பாட்டில் கட்டின கடை என்று நான் சொன்னதை மயூரதன் மாமாவிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் மாமா எனக்கு நெக்டோ சோடா வாங்கித் தந்திருக்கமாட்டார்.

ஜூலை 3

நடுவராக வந்து, முடிவில் குழுவோடு பாடவும் முடியுமா என்று றோஸுக்கு எழுதியிருந்தேன். பதில்: ‘பொன்னாடை போடாட்டி வாறன்.’ மாஸ்டருக்குத் துக்கம். ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டாராம்.

ஜூலை 12, சனி

இண்டைக்கு எழுத ஏலாது. அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சுது.

ஜூலை 13

சரி. எழுதுகிறேன்.

சனம் வாசிகசாலை மதிலிலும் ஏறி நின்றது. கறுத்த ரீசேட்டுகள் ஒரு பக்கம், திருநீறு பூசிய பெரியவர்கள் ஒரு பக்கம். றோஸ் முதலில் எங்கள் வீட்டுக்கு ரீ குடிக்க வந்தாள். நாற்பது வயது, இரண்டு பிள்ளை, தலையில் பாதி நரை. அம்மா அவளைக் கண்டதும் விட்ட மூச்சு படலை வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு ஒரே உபசாரம்.

நான் முதலில் பேசினேன். நல்லாகவே பேசினேன், ஏன் பொய் சொல்வான்? பெயர் சொல்லாமல் டைனமோக் கதையைச் சொன்னேன். சட்டப்படி நடந்திருந்தால் இந்த ஊருக்கு அந்த நாட்களில் ஒரு பாட்டும் வந்திராது என்றேன். பெரியவர்கள் பக்கம் கைதட்டல். மாமா மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். றோஸ் மைக்கைக் கிட்ட இழுத்து, அப்ப வழி இல்லை எண்டு எடுத்தனீங்கள், இப்ப உங்களிட்டை டேட்டா இருக்கே, என்ன சாட்டு என்று கேட்டாள். கறுத்த ரீசேட்டுகள் விசிலடித்தன. என் மனமும் அந்தப் பக்கம்தான் விசிலடித்தது.

பிறகு மயூரதன். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று தொடங்கினான். சட்டத்தை என்னைவிட வடிவாகப் படித்திருக்கிறான், அநியாயம். அதோடு நின்றிருந்தால் அவனே வென்றிருப்பான். நிற்கவில்லை. களவுக்குச் சட்டம் பேசுகிற வீட்டையும் கொஞ்சம் பாருங்கோ என்று சொல்லிவிட்டுத் திரையைக் காட்டினான்.

என்ரை சாமத்திய வீட்டு வீடியோ.

பெரியபிள்ளையான பதின்மூன்று வயது. கடதாசியில் செய்த பிறைநிலாவுக்குள் என்னை இருத்தி, முகத்தில் மா அப்பினமாதிரி மேக்கப். பின்னால் யாரோ பாடிய சினிமாப் பாட்டு. கனடா மாமிக்கு அனுப்பவென்று மாமாவின் கடையில் பிரதி அடித்தது. வீடியோக்காரன் இந்தப் பாட்டுக்குக் காசு கட்டினவனோ என்று மயூரதன் கேட்கிறான். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. ஜெயதீபன் சிரிக்கிறான். மதிலிலை நிண்டவங்கள் கைபோனிலை பிடிக்கிறாங்கள். அந்தப் பிறைநிலாவுக்குள்ளை அழுறதுக்கு மூஞ்சையைச் சுளிச்சுக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை. அது நான்தானே. எனக்கு அண்டைக்கும் ஒருத்தரும் விருப்பமோ எண்டு கேக்கேல்லை.

மைக்கைப் பறிச்சன். “எழுத்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்” எண்டு சொல்லிப்போட்டன். ஸ்பீக்கரிலை. சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

சிரிப்பு அடங்கியது. அம்மா எழும்பி நின்றா. மயூரதனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாத மாஸ்டர், நடுவர் தீர்ப்பு என்று சொல்லி மணியை அடித்துவிட்டார்.

றோஸ் எழும்பவில்லை. இருந்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“நான் பாட வெளிக்கிட்டுப் பன்ரண்டு வருசம். என்ரை பாட்டை எடுத்த ஒருத்தரும் ‘அக்கா, எடுக்கட்டோ’ எண்டு என்னட்டைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேருக்குச் சும்மா குடுத்திருப்பன். எனக்குக் கோவம் காசிலை இல்லை, கேக்காததிலை. தம்பி, நீர் சட்டம் நல்லாத்தான் கதைச்சீர். இந்தப் பிள்ளையின்ரை படத்தைப் போட அவவிட்டைக் கேட்டனீரோ?”

“இல்லை அக்கா.”

“அப்ப ரெண்டு பக்கமும் தோல்வி. மேளத்தைத் தூக்குங்கோ.”

ஐந்து பாட்டுப் பாடினார்களாம். நான் இருந்து கேட்கவில்லை. நானே கூப்பிட்ட குழு, என் ஊரில், நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு.

ஜூலை 16

மயூரதனிடமிருந்து பத்துப் பதினைந்து மெசேஜ். ஒன்றையும் திறக்கவில்லை. ஜெயதீபன் மட்டும் கடைக்கு வந்து, தன் போனில் பிடித்ததை என் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினான். மற்றவர்களையும் அழிக்கச் சொல்லி மயூரதன் வீடு வீடாகப் போகிறானாம். சைக்கிளில்.

போகட்டும். நல்ல உடற்பயிற்சி.

ஜூலை 24

அம்மாவும் மாமாவும் எழுத்து நிற்கவில்லை என்ற மாதிரியே நடக்கிறார்கள். ஆடி மாதம் என்பதால் நல்ல காரியம் கதைக்கக் கூடாதாம். கதைக்கக் கூடாததால் நின்றது என்றும் கதைக்கக் கூடாதாம். என்ன கெட்டித்தனம்! மாமா பலாப்பழம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கோபத்தோடு சாப்பிட்டேன். தேன்மாதிரி.

ஓகஸ்ட் 2, சனி

நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறியதில் இருந்து வீட்டில் மரக்கறிதான். கடையிலும் விரதக்காரருக்கு வாய்வு மருந்துதான் விற்பனை. அந்தச் சனத்துக்குள் வரிசையில் மயூரதன் நின்றான். வழக்கமாக வரிசையை இடித்துக்கொண்டு வருகிறவன், இன்றைக்குத் தன் முறை வரும்வரை நின்றான். மெலிந்திருக்கிறான். சைக்கிள் ஓடினது உண்மைதான் போல.

என்ன வேணும் என்று கேட்டேன், மற்ற ஆட்களிடம் கேட்கிற குரலில்.

“ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.” ‘நீங்கள்’ போட்டுக் கதைத்தேன். அவனுக்குச் சுட்டிருக்கும்.

“என்னைக் கட்ட உனக்கு விருப்பமோ? குறிப்புப் பாத்தினம், நாள் வைச்சினம். உன்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.”

கையில் இருந்த மாத்திரை அட்டையை நான் எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியாது. பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, ஆடிக்குள்ளை உதெல்லாம் கேக்கக்கூடாது தம்பி, தள்ளி நில்லும் என்றா. சனம் முழுக்க என் வாயையே பார்க்கிறது.

யோசிச்சுச் சொல்லுறன், அடுத்த ஆள் வாங்கோ என்றேன். ஓம் என்று தலையாட்டிவிட்டு ஒரு பனடோல் அட்டை வாங்கிக்கொண்டு போனான்.

ஓகஸ்ட் 3

விருப்பமா?

ஒருவரும் கேட்காததால் நானும் என்னைக் கேட்டதில்லை. நான் தொட்டிலில் கிடக்கும்போதே, இவளை என்ரை மோனுக்குத்தான் என்று மாமா சொன்னாராம். அதற்குப் பிறகு அது பஸ் வரும் நேரம்மாதிரி. வந்தால் ஏற வேண்டியதுதான் என்று இருந்துவிட்டேன்.

இப்போது கேட்டுவிட்டான். இனி இல்லை என்றும் சொல்லலாம். அந்த எண்ணமே தலைக்குள் காற்றோட்டமாக இருக்கிறது. இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று பகல் முழுக்க நடந்து பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தது. ஆனால் யாரோடு சண்டை பிடிப்பது? இந்த ஊரில் என் வாய்க்கு ஈடு கொடுக்க யார் இருக்கிறான்? கடையைப் பற்றி நான் சொன்ன கெட்ட வார்த்தையை மாமாவின் காதுக்குப் போகாமல் விழுங்கிக்கொண்டு நின்றவன் வேறு யார்? என்னைச் சுடுவான். விளையாட்டில்தானே.

செய்தது பிழைதான். அந்தப் பிழைக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கோபத்தோடேயே விருப்பமும் இருக்கிறது. இரண்டும் ஒரே அடுப்பில் வேகுது, என்ன செய்ய?

ஓகஸ்ட் 4

வேலை முடிந்து சந்தியைக் கடந்து அவனுடைய கடைக்குப் போனேன். முன்னால் நின்ற ஒருவனின் போன் திரையைக் கழற்றிக்கொண்டு இருந்தான். என்னைக் கண்டதும் திருகாணி ஒன்று உருண்டு எங்கேயோ போய்விட்டது.

எனக்கு விருப்பம் எண்டு சொன்னேன். அவன் வாயைத் திறந்தான். பொறு, நான் முடிக்கேல்லை என்றேன். கடையைப் பற்றி நான் கதைத்தது பிழை. உன்னையும் ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே, நான் கேக்கிறன் என்றேன்.

“என்னைக் கட்ட உனக்கு—”

“ஓம்.”

“முழுக்கக் கேக்கவிடு, விசரா.”

“சரி, கேள்.”

முழுக்கக் கேட்டேன். ஓம் என்றான், இந்தமுறை மெதுவாக, கண் கலங்கி. மாமா போட்டோப் பிரதி மெசினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். போன்காரன் பாவம், திருகாணியை அவனே தேடி எடுத்தான்.

ஓகஸ்ட் 10

மயூரதனைத் திரும்பக் குழுவில் சேர்த்தேன். சேர்க்கட்டோ என்று கேட்டுத்தான். றோஸிடம் அனுமதி எடுத்து அவளுடைய பாட்டை ஒளிபரப்பில் போடுகிறான். காசு கட்டித்தான் கேட்கிறான். விளையாட்டு மட்டும் இன்னும் களவு. ஒவ்வொண்டாத்தானே திருந்தலாம் என்கிறான். இதற்கும் ஒருநாள் சண்டை வரும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

இன்று எழுத்து முடிந்தது.

எங்கள் வீட்டு விறாந்தையில் பதிவாளர் மேசை போட்டு இருந்தார். எத்தனை எழுத்துக்குப் போயிருப்பேன்! பதிவாளர் ‘சம்மதமோ’ என்று கேட்கும் நேரத்தில் சனம் கேக்கைப் பற்றித்தான் கதைக்கும். பெண் தலையைக் கொஞ்சம் ஆட்டுவாள், அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். இன்றைக்கும் அவர் தாளைப் பார்த்தபடிதான் கேட்டார், பேனையும் எழுத ஆயத்தமாக இருந்தது.

நான் பதில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பதிவாளர் பேனையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அம்மா தொடையில் நுள்ளினா. வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்டதாம், என்னுடைய ஓம்.